முற்றுப் பெறாத வாக்கியங்கள்: ஓர் ஆங்கிலப் பத்தியோடு பதினான்கு சனிக்கிழமைகள்

பின்னணி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக வரும் பேருந்து செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். பேச்சு மாறாது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டிலும் தென்னந்தோப்பிலும் பேசுவது கொங்குத் தமிழ்தான். 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவாவதற்கு முன்பு, கொச்சி சமஸ்தானத்திலும் இங்கே இதே பேச்சுத்தான். தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் பிளஸ் ஒன் சேரும்போது பாடங்கள் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறும். அதையும் கடந்து சிலர் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்கிறார்கள். அவர்களில் மூன்று பேரைப் பற்றியது இந்தப் பதிவு.

நான் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் வாயனசாலையின் (நூலகத்தின்) பின்கட்டில் சனிக்கிழமை மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உட்கார இடமும் ஒரு மேசையும் உண்டு. ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை முதலாண்டு மாணவி ஒருத்தி அங்கே வந்தாள். அவளோடு படிக்கும் இன்னொரு பெண்ணும் ஒரு பையனும் அடுத்த வாரம் சேர்ந்துகொண்டார்கள். மூவரும் தமிழ் வழியில் படித்தவர்கள். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். மாணவியும் அவள் அம்மாவும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

வந்த விடைத்தாள்

அவள் கொண்டுவந்தது ஓர் இன்டர்னல் தேர்வுத் தாள். 20-க்கு 6. தரப்பட்டிருந்த பகுதி சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் தொடக்கம். 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாமாதம் பகுதிகளாக வெளிவந்த நாவல் அது. சான்சரி என்ற நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டே போகும் ஒரு சொத்து வழக்குதான் அதன் நடு முடிச்சு. ஆனால் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயரும் தரவில்லை, கதையும் தரவில்லை. முதல் நான்கு பத்திகள் மட்டும். கேள்வி ஒரே வரி: இந்தப் பகுதியின் மொழியையும் அமைப்பையும் விவாதிக்க.

பெயர் சொல்லாமல் பகுதியைக் கொடுத்து எழுதச் சொல்வது பழைய முறை. ஆங்கில விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு 13 கவிதைகளைப் பெயரில்லாமல் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை ஆராய்ந்து 1929-இல் நூலாக்கினார். வாசகர் தடுக்கி விழும் இடங்களை அதில் அவர் வகைப்படுத்தினார். அவற்றில் ஒன்று, மனத்தில் முன்கூட்டியே தயாராக இருக்கும் உணர்ச்சியை எடுத்துப் பகுதியின் மேல் போர்த்திவிடுவது. இந்த நிகழ்வில் அது பின்னால் வரும்.

அவள் எழுதியிருந்ததன் சாரம் இது: ஆசிரியர் ரிப்பிடிஷன் (சொல் திரும்பத் திரும்ப வருவது) பயன்படுத்துகிறார்; ‘ஃபாக்’ என்ற சொல் 13 முறை வருகிறது; இது மூடுபனியை வலியுறுத்துகிறது. ஆசிரியர் பெர்சானிஃபிகேஷன் (உயிரற்றதை மனிதர்போலக் காட்டுவது) பயன்படுத்துகிறார். இது வாசகரைக் கவர்கிறது. ஆசிரியர் சிமிலி (உவமை) பயன்படுத்துகிறார். இதுவும் வாசகரைக் கவர்கிறது. மூடுபனி அமைதியான, அழகான சூழலை உண்டாக்குகிறது.

எண்ணிக்கை சரி. இரண்டாம் பத்தியில் அந்தச் சொல் 13 முறைதான் வருகிறது. பொறுமையாக எண்ணியிருக்கிறாள். உத்திகளின் பெயர்களும் தப்பில்லை. ஆனால் ‘வாசகரைக் கவர்கிறது’ என்ற வரியை எந்தப் பத்திக்கு அடியில் எழுதினாலும் பொருந்தும். சோப்பு விளம்பரத்துக்குக்கூடப் பொருந்தும். தாளின் ஓரத்தில் திருத்தியவர், “பெயர்கள் இருக்கின்றன, விளக்கம் எங்கே?” என்று எழுதியிருந்தார். மாணவிக்கு அந்தக் குறிப்பே புரியவில்லை. “பேரு சொல்லி, எதுக்குன்னும் சொல்லியிருக்கறனுங்களே டீச்சர்?” என்றாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்வி.

முதல் மூன்று வாரம்

இங்கே தவறு செய்தது நான். விளக்கம் போதவில்லை என்றால் அறிவு போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். 24 உத்திகளின் பெயர், இலக்கணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, அதன் ‘விளைவு’ என்று நான்கு நெடுவரிசை போட்ட பட்டியலைத் தயாரித்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அனஃபரா (தொடக்கச் சொல் அடுத்தடுத்துத் திரும்ப வருவது), அசிண்டெட்டான் (இணைப்புச் சொல்லை விட்டுவிடுவது) போன்றவையும் அதில் இருந்தன.

மூன்றாம் வாரம் அதே பகுதியைத் திரும்ப எழுதச் சொன்னேன். மூவரின் தாள்களும் முன்னைவிட மோசம். பையன் ஒன்பது உத்திகளைக் கண்டுபிடித்திருந்தான். ஒவ்வொன்றின் விளைவையும் என் பட்டியலின் நான்காம் நெடுவரிசையிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தான். மாணவி ‘வாசகரைக் கவர்கிறது’ என்பதை விட்டுவிட்டு ‘ஆர்வத்தைத் தூண்டுகிறது’ என்று மாற்றியிருந்தாள். மூன்றாவது பெண் அடுத்த வாரம் வரவில்லை. வீட்டில் வேலை என்று சொல்லியனுப்பினாள். என் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய் நின்றுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவளை இழந்ததற்கு என் பட்டியல் ஒரு காரணம்.

தாள்களை வாங்கிய அன்று ராத்திரி மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாம் பத்தியைத் தொடங்கும் ‘ஃபாக் எவ்ரிவேர்’ என்பதில் மூவருமே ‘ஃபாக்’ என்ற சொல்லைத்தான் தொட்டிருந்தார்கள். அது எப்படிப்பட்ட வாக்கியம் என்பதை ஒருவரும் தொடவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பிள்ளைக்கு அந்த இரண்டு சொல் வாக்கியம் காலில் இடறியிருக்கும். இவர்களுக்கு ஏன் இடறவில்லை?

தமிழில் சொல்லச் சொன்ன நாள்

நான்காம் வாரம் பட்டியலை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். “பரீட்சையை மறந்துடுங்க. இந்தப் பத்தியை வீட்ல அம்மாவுக்குச் சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லுங்க” என்றேன். உத்தியைத் தேடுவதை நிறுத்தி, அவர்கள் மனத்தில் எந்தப் படம் விழுகிறது என்று முதலில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

மாணவி தொடங்கினாள்: “எங்கும் பனி. ஆத்துக்கு மேல பனி. ஆத்துக்குக் கீழ பனி...”

இரண்டு விஷயம் ஒரே நிமிடத்தில் வெளிவந்தன.

முதலாவது, பனி. ‘ஃபாக்’ என்பதை அவள் ‘பனி’ என்றாள். தமிழில் பனி என்றதும் மார்கழி வருகிறது. வாசல் கோலம், பூவின் மேல் துளி, கோயில் பாட்டு எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ‘அமைதியான, அழகான சூழல்’ என்று அவள் எழுதியதற்குக் காரணம் இதுதான். ரிச்சர்ட்ஸ் சொன்ன தயார்நிலை உணர்ச்சி இது. அவள் நேரில் கண்ட மூடுபனி, பள்ளிச் சுற்றுலாவில் நெல்லியாம்பதியில் பார்த்தது மட்டுமே. அதுவும் சந்தோஷமான நினைவு. டிக்கன்ஸின் பனியோ நிலக்கரிப் புகையோடு கலந்தது. முதல் பத்தியில் புகைபோக்கிகளிலிருந்து இறங்கும் புகை, கரித்துகள் கலந்த கருந்தூறலாக விழுகிறது. இரண்டாம் பத்தியில் பனி, கிழவர்களின் கண்ணிலும் தொண்டையிலும் புகுந்து அவர்களை இளைக்கவைக்கிறது. படகில் நடுங்கிக்கொண்டு நிற்கும் வேலைக்காரச் சிறுவனின் விரல்களைக் கொடூரமாகக் கிள்ளுகிறது. அவள் இவற்றையெல்லாம் வாசித்திருந்தாள். ஆனால் ‘பனி’ என்ற தமிழ்ச் சொல் முன்னால் வந்து நின்று இவற்றை மறைத்துவிட்டது. “இனிமேல் புகைப்பனின்னு சொல்லிப் பாரு” என்றேன். பத்தியை மறுபடி சொன்னாள். பாதியில் நிறுத்தி, “இது மூச்சு முட்டுதுங்க டீச்சர்” என்றாள். உத்தியின் பெயர் எதுவும் இல்லாமல் அவள் சொன்ன முதல் கருத்து அது.

இரண்டாவது விஷயம்தான் இந்த நிகழ்வின் மையம். ‘எங்கும் பனி’ என்று அவள் சொன்னது முழுமையான தமிழ் வாக்கியம். அதில் ஒரு குறையும் இல்லை. ‘அவர் டாக்டர்’, ‘இது என் வீடு’, ‘அங்கே கூட்டம்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் நாள் முழுக்கப் பேசுகிறோம். பெயர்ப் பயனிலை என்று பள்ளியில் படித்ததுதான். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ‘இஸ்’ இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும். ஆகவே ‘ஃபாக் எவ்ரிவேர்’ என்பது ஆங்கில வாசகருக்கு ஏதோ விடுபட்டுப்போன வாக்கியம். தமிழ்ப் பிள்ளைக்கு அது சாதாரண வாக்கியம். அவள் அதை மனத்துக்குள் தமிழில் வாசித்தாள், தமிழில் சரியாக இருந்தது, கடந்துபோய்விட்டாள்.

31 ஆண்டுகளாக இதே தாலுகாவில் இதே மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றுவரை இது எனக்குத் தோன்றியதில்லை. ஒன்று உத்தி ஆவது, அந்த மொழியின் வழக்கத்திலிருந்து அது விலகுவதால்தான். வழக்கம் எது என்று தெரியாத பிள்ளைக்கு விலகல் தெரியாது. என் பட்டியலில் 24 விலகல்களின் பெயர் இருந்தது. வழக்கம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

முற்றும் எச்சமும்

அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை வைத்துக்கொண்டோம். முதல் நான்கு பத்திகளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலைமை வினைமுற்று எங்கே என்று பென்சிலால் கோடு போட வேண்டும். பெயர்ச்சொல், வினைமுற்று, எச்சம் எல்லாம் தமிழ் இலக்கணத்தில் இருவருக்கும் நன்றாகத் தெரியும். எனவே அந்தச் சொற்களையே பயன்படுத்தினோம்.

முதல் வாக்கியம் ஒரே சொல்: ‘லண்டன்.’ கோடு போட இடமில்லை. அடுத்ததில் பெரிய நீதிபதி உட்கார்ந்திருப்பது வருகிறது. அங்கும் ‘சிட்டிங்’ என்று எச்சம்தான். புகை இறங்கியபடி. நாய்கள், சேற்றில் அடையாளம் தெரியாமல். குதிரைகள், அதே கதி. இரண்டாம் பத்தியில் பனி ஊர்ந்தபடி, படுத்தபடி, தொங்கியபடி, கிள்ளியபடி. பென்சிலை எடுத்தவர்கள் அரைப் பக்கம் போயும் கோடு போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மாணவி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “முற்றே இல்லீங்க டீச்சர். எல்லாம் எச்சமாவே நிக்குது. முடியவே மாட்டேங்குது.”

நாவலில் என்ன வழக்கு நடக்கிறது என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன்: பனியின் நடுவில் இருக்கும் அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பல தலைமுறையாக முடியாமல் இருக்கிறது. கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அவள் வீட்டிலும் தாத்தா காலத்தில் போட்ட வரப்புத் தகராறு வழக்கு ஒன்று வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். “கேஸு மாதிரியே வாக்கியமும்” என்றாள், மெதுவாக.

‘முற்று’, ‘எச்சம்’ என்ற நம் இலக்கணச் சொற்கள் இவ்வளவு தூரம் கை கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் அவற்றுக்கு உள்ள கலைச்சொற்கள் வினையை எல்லைக்கு உட்பட்டது, எல்லையற்றது என்று பிரிக்கின்றன; படிக்கும் பிள்ளைக்கு அதில் படம் விழாது. தமிழில் முற்று என்றால் முடிந்தது, எச்சம் என்றால் மிச்சம் நிற்பது. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

பையன் அன்று ஒரு நல்ல வேலை செய்தான். “ஒண்ணுகூட இல்லைன்னு எழுத முடியாதுங்க” என்று முதல் பத்தியில் ஓரிடத்தைக் காட்டினான். சேற்றைப் பார்த்தால் நாற்பதடி மெகலோசாரஸ் என்ற டைனோசர் ஒன்று பெரும் பல்லி போல லண்டனின் ஹோல்பர்ன் மேட்டில் தத்தி ஏறினாலும் வியப்பில்லை என்று சொல்லும் வாக்கியம் அது. அங்கே வினைமுற்று இருக்கிறது. மூன்றாம் பத்தியில், கடைகளின் விளக்கொளியைப் பற்றிச் சொல்லுமிடத்தில் துணைத் தொடரிலும் இருக்கிறது. ஆகவே குறிப்பேட்டில் ‘ஒன்றுகூட இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘பெரும்பாலான வாக்கியங்களில் தலைமை வினைமுற்று இல்லை’ என்று மாற்றினோம். இந்தத் திருத்தத்துக்கு அரை மணி நேரம் செலவானது. மிகைப்படுத்தாமல் எழுதுவதும் ஆய்வின் பகுதிதான் என்பதால் அந்த நேரத்தை நான் குறைக்கவில்லை.

அப்புறம் மாற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘இஸ்’, ‘வாஸ்’ சேர்த்து முழு வாக்கியமாக்கி இருவரும் உரக்க வாசித்தார்கள். “இப்ப செய்தி வாசிக்கற மாதிரி இருக்குதுங்க” என்றான் பையன். ‘வாஸ்’ போட்டால் அது என்றோ ஒரு நாள் நடந்தது, முடிந்தது. வினை இல்லாதபோது காலமும் இல்லை. பனி அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு வரியும் மாணவியின் குறிப்பேட்டில் அன்று அவள் எழுதியவை. ‘ஆர்வத்தைத் தூண்டுகிறது’ என்பது அந்த நாளோடு காணாமல் போயிற்று.

காகிதத் துண்டுகள்

கேள்வியில் ‘அமைப்பு’ என்று இருந்ததை மூவருமே முதல் தேர்வில் விட்டுவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் பொதுவாக இதைத்தான் விடுகிறார்கள். சொல்லைக் கையால் தொட்டுக் காட்டலாம். வரிசையைத் தொட முடியாது. தொட முடியட்டும் என்று நான்கு பத்திகளையும் எட்டுத் துண்டுகளாக வெட்டி, கலைத்து, மேசையில் போட்டேன். நீங்கள் எழுதியிருந்தால் எப்படி அடுக்குவீர்கள்?

இருவரும் நீதிமன்றத் துண்டை முதலில் வைத்தார்கள். முக்கியமானதை முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்டுரைப் பயிற்சி. பிறகு மூல வரிசையை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்வி: இப்போது நம் கண் எங்கே நிற்கிறது? கைப்பேசியில் தேம்ஸ் ஆற்றின் வரைபடத்தைத் திறந்து விரலால் தொடர்ந்தார்கள். ஊர் முழுக்க, ஆற்றில் மேலே, கீழே, முகத்துவாரத்துக்கு வடக்கே எசெக்ஸ் சதுப்பு, தெற்கே கென்ட் மேடு, பிறகு கப்பலுக்குள், பிறகு ஒரு கிழவனின் தொண்டை, ஒரு மாலுமியின் புகைக்குழாய், ஒரு சிறுவனின் விரல் நுனி. அவ்வளவு தூரம் விரிந்த பனி இவ்வளவு சிறிய இடத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்கப்புறம் பாலங்களில் நிற்கும் மனிதர்கள், தெருவிளக்கு, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள டெம்பிள் பார் என்ற பழைய நகர வாயில். நான்காம் பத்தியில் வினைமுற்று வருகிறது, அதுவும் மூன்று முறை (‘இஸ்’, ‘இஸ்’, ‘ஆர்’): குளிர் அங்கேதான் மிகக் கொடியது, பனி அங்கேதான் மிக அடர்ந்தது, சேறு அங்கேதான் மிக அதிகம்.

“செண்டை மேளச் சத்தம் கூடக் கூட, கோயில் கிட்ட வந்துட்டோம்னு தெரியுமில்லீங்களா, அப்படி” என்றாள் மாணவி. இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த மிகையான பனியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் பெரிய நீதிபதி. அந்தக் கடைசி வாக்கியத்தில் ‘சிட்ஸ்’ என்று வினைமுற்று வருகிறது. நீதிபதி அதற்கும் பின்னால் வருகிறார். இங்கேயும் பிள்ளைகள் கடந்துபோனார்கள், காரணமும் அதேதான். ‘பனியின் நடுவே, மண்டபத்தில், நீதிபதி உட்கார்ந்திருக்கிறார்’ என்பது தமிழில் இயல்பான வரிசை. இடத்தை முன்னால் சொல்வதும், சொல்ல வந்ததைக் கடைசிவரை நிறுத்திவைப்பதும் நமக்கு அன்றாடப் பேச்சு. ஆங்கிலத்தில் எழுவாய் முன்னால் வந்து, வினை உடனே தொடர வேண்டும். டிக்கன்ஸ் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். ‘நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், மண்டபத்தில், பனியின் நடுவே’ என்று ஆங்கில வழக்கப்படி அடுக்கிப் பார்த்தபோது, நீதிபதி முதலிலேயே வெளியே வந்து நின்றார். பனிக்குள் நடந்துபோய் அவரைக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு இல்லாமல் போயிற்று.

பையன் ஒரு வில் வரைந்தான். இரண்டாம் வாக்கியத்திலேயே நீதிபதி வந்துவிட்டார், அப்புறம் மூன்று பத்திகள் அவரை விட்டுவிட்டு நான்காம் பத்தியில் திரும்ப அவரிடம் வருகிறது. முதலும் முடிவும் வில்லின் இரு முனைபோல் பூட்டுகின்றன என்றான். பூட்டுவிற் பொருள்கோள் அவன் நினைவில் இருந்திருக்கிறது. செய்யுளின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ப் பொருள் கொள்வது அது; இது அதே விஷயம் இல்லை என்பதையும் சொன்னேன். ஆனாலும் வரிசையைப் படமாகப் பார்க்க அவனுக்கு அது உதவியது.

கொடியும் பனியும்

மிச்சமிருந்தது பெர்சானிஃபிகேஷன். ‘பனி கொடூரமாகக் கிள்ளுகிறது’ என்பதற்குப் பெயர் சொல்லத் தெரிந்தது, மேலே போகத் தெரியவில்லை. இங்கே வேண்டுமென்றே தமிழுக்குப் போனேன். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது மதில் மேல் கொடிகள் ‘வாரல் என்பனபோல்’ கைகாட்டும் சிலப்பதிகார வரிகள், தற்குறிப்பேற்ற அணிக்குப் பள்ளியில் எல்லோரும் படிக்கும் எடுத்துக்காட்டு. தண்டியலங்காரம் அந்த அணியை இரண்டாகப் பிரித்துத்தான் விளக்குகிறது: இயல்பாக நடப்பது ஒன்று, கவிஞர் தாம் கருதி அதன்மேல் ஏற்றுவது இன்னொன்று. காற்றில் கொடி அசைவது இயல்பு. வராதே என்பது ஏற்றியது. அப்படி ஏன் ஏற்ற வேண்டும், அதுவும் நகர வாசலில் வைத்து? உள்ளே கொலை காத்திருக்கிறது.

இதே மூன்று கேள்வியை அந்தச் சிறுவனின் விரலுக்குக் கேட்டோம். இயல்பாக நடப்பது என்ன? குளிரில் விரல் விறைப்பது. ஏற்றியது என்ன? கொடுமை, அதுவும் வேண்டுமென்றே செய்யும் கொடுமை. ஏன் இங்கே, ஏன் இந்தச் சிறுவன்? படகிலேயே சின்னவன், எதிர்க்க முடியாதவன் அவன்தான். நீதிமன்றம் யாரைக் கிள்ளப்போகிறது என்பதற்கு இது முன்னறிவிப்பு என்று மாணவி எழுதினாள்.

இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றுவதற்கு ‘பதெட்டிக் ஃபாலசி’ என்று 1856-இல் பெயர் வைத்தவர் ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின். அதை அவர் ஒரு குறையாகத்தான் சொன்னார். நம்மிடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது அணி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, தெரியாது என்று நினைத்து மூன்று வாரம் பட்டியல் போட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் நடந்தது

பதினோராம் வாரத்துக்குப் பிறகு அடுத்த இன்டர்னல். வேறு பகுதி, ஒரு பழைய வீட்டை வெளியிலிருந்து மெதுவாக உள்ளே காட்டுவது. மாணவிக்கு 20-க்கு 12. நான்கு உத்திகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்து எழுதியிருந்தாள். கண் எப்போது வாசலைத் தாண்டுகிறது என்பதைப் பற்றி எழுதிய பத்திக்குத் திருத்தியவர் கோடிட்டுப் பாராட்டியிருந்தார்.

குறைகளும் இருந்தன. விடையில் ‘எச்சம்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டாள், திருத்தியவர் அடித்திருந்தார். அது என் பிழை. தமிழ்ச் சொல்லில் யோசித்த பிறகு ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் நேரம் ஒதுக்கிச் சொல்லவில்லை. இன்னொன்று, வினையில்லாத வாக்கியத்தை எங்கே கண்டாலும் அவள் உத்தி என்று பிடிக்கத் தொடங்கினாள். ஆங்கிலச் செய்தித்தாளின் தலைப்பைக் கொண்டுவந்து காட்டினாள். தலைப்புகளில் ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றை விடுவதுதான் வழக்கம், அங்கே அது விலகல் ஆகாது என்று பேசிப் புரியவைக்க இரண்டு வாரம் பிடித்தது. மொழிக்கு வழக்கம் இருப்பதுபோல எழுத்து வகைக்கும் வழக்கம் உண்டு. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பையனின் மதிப்பெண் 7-லிருந்து 8 ஆனது, அவ்வளவுதான். மெகலோசாரஸைக் கண்டுபிடித்ததும் வில்லை வரைந்ததும் அவன்தான். வாயால் சொல்லும்போது மூவரில் அவனே கூர்மை. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சேர்த்து எழுத அவனுக்கு வரவில்லை. பார்க்கத் தெரிந்தால் எழுத்து தானாக வரும் என்று நான் நம்பியது அவன் விஷயத்தில் பலிக்கவில்லை.

மூன்றாவது பெண்ணை இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தை மாதத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். அன்று பட்டியல் எதுவும் மேசையில் இல்லை.

இப்போது செய்தால்

முதல் நாளே தமிழில் சொல்லச் சொல்வேன். எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டு வாசிக்கிறார்கள் என்று கேட்ட பிறகே மற்றதெல்லாம். பனியைப் போல இன்னும் எத்தனையோ சொற்கள் இருக்கும்.

டிக்கன்ஸில் தொடங்க மாட்டேன். தேர்வில் வந்ததால் எடுத்துக்கொண்டோம், பலனும் கிடைத்தது. ஆனால் கப்பல் பாகங்களின் பெயர்களுக்கு அகராதி புரட்டியே இரண்டு மாலைகள் போயின. அரைப் பக்கம் உள்ள எளிய ஆங்கில உரைநடை போதும்.

உத்திப் பட்டியலைக் கடைசியில் கொடுப்பேன். அவர்கள் கண்டுபிடித்ததற்குப் பெயர் தேடி வரும்போது எடுத்துக்கொள்ளட்டும். பட்டியலில் ‘விளைவு’ என்ற நான்காம் நெடுவரிசை இருக்காது. அந்த இடத்தில் ‘ஆங்கிலத்தில் வழக்கம் என்ன’ என்ற நெடுவரிசை இருக்கும். தமிழில் இதே விஷயம் எப்படி என்று எழுத இன்னொரு நெடுவரிசை காலியாக விட்டிருக்கிறேன். மாணவி இதுவரை அதில் ஆறு வரிகள் நிரப்பியிருக்கிறாள்.

பையனுக்கு வேறு வழி தேடுகிறோம். இப்போதைக்கு அவன் சொல்வதைக் கைப்பேசியில் தமிழிலேயே பதிவு செய்து, அதைக் கேட்டு வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுகிறான். ஒரு மாலைக்கு ஐந்து வாக்கியம்.